ஆம்பூருக்கு 19, வேலூருக்கு 11

காட்பாடியில் செகண்ட் ஹேண்டில் பெட்ரோல் கார் வாங்கிய யாரையும் கேட்டுப் பாருங்கள். முதல் மாதம் சந்தோஷமாக இருப்பார். இரண்டாவது மாதம் மைலேஜைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். "கம்பெனியில 20-ன்னு போட்டிருக்கான், எனக்கு 14-ஐத் தாண்ட மாட்டேங்குது." அடுத்த சந்தேகம் விற்றவர் மீது. அதற்கடுத்தது எஞ்சின் மீது. யாரோ ஒருவர் "வண்டி பழசாயிடுச்சு இல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவைப்பார்.

ஆனால் அதே மனிதர் இன்னொன்றையும் கவனித்திருப்பார். ஷூ கம்பெனி வேலையாக ஆம்பூர் போகும்போது அதே கார் லிட்டருக்கு 19 கி.மீ. கொடுக்கிறது. காட்பாடியிலிருந்து வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் 11-க்கு இறங்கிவிடுகிறது. எஞ்சினுக்கு இரண்டு சாலையிலும் ஒரே வயதுதான். எனவே இந்த வித்தியாசத்துக்கு வயது காரணமாக இருக்க முடியாது. வேறு எது என்று கண்டுபிடித்துவிட்டால், பழைய வண்டியில் உண்மையிலேயே கெட்டிருப்பது எது, கெட்டதாகத் தோன்றுவது எது என்று பிரித்துவிடலாம். அப்படிப் பிரிக்காமல் எஞ்சினைப் பிரிக்கச் சொல்வது பணத்தைக் கொட்டுகிற வேலை.

அளவு முதலில்

300 ரூபாய்க்குப் போட்டு, ரிசர்வ் லைட் எரியும்வரை ஓட்டி, கணக்குப் போடுவது நம் பழக்கம். அது கணக்கில் சேராது. டேங்கில் எவ்வளவு இருந்தது என்பதும் தெரியாது, லைட் எரியும்போது எவ்வளவு மீதி என்பதும் தெரியாது. மேட்டில் நின்றால் ஒரு மாதிரி, பள்ளத்தில் நின்றால் ஒரு மாதிரி பெட்ரோல் மீட்டரின் முள் காட்டும்.

சரியான வழி ஃபுல் டேங்க் முறை. பங்கில் நாசில் தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். அதற்கு மேல் 'ரவுண்டாக்க' விடாதீர்கள். டிரிப் மீட்டரைச் சுழியாக்குங்கள். 300 கி.மீ. போல ஓட்டிவிட்டு, முடிந்தால் அதே பங்கில், அதே நாசிலில், மறுபடி தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். இப்போது இறங்கிய லிட்டர்தான் நீங்கள் எரித்தது. நாசில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்காது. அரை லிட்டர் முன்னே பின்னே ஆகலாம். 5 லிட்டரில் அரை லிட்டர் பிசகினால் விடை 10 சதவீதம் தவறும். 20 லிட்டரில் அதே பிசகு இரண்டரை சதவீதம்தான். அதனால்தான் தூரம் நீளமாக இருக்க வேண்டும்.

பழைய வண்டிக்கே உரிய ஒரு பொறியும் உண்டு. முந்தைய உரிமையாளர் அழகுக்காகப் பெரிய அலாய் வீலும் டயரும் போட்டிருப்பார். மீட்டர் தூரத்தை நேராக அளப்பதில்லை. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணித்தான் கி.மீ. ஆக்குகிறது. டயரின் விட்டம் 3 சதவீதம் பெரிதானால், 103 கி.மீ. ஓடியதை மீட்டர் 100 என்று காட்டும். மைலேஜ் குறைந்ததாகத் தெரியும். குறைந்தது கணக்கு மட்டும். நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களோடு ஒரு 20 கி.மீ. ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

புனேயில் ஓடிய 20

கம்பெனி சொல்லும் எண் பொய்யில்லை. அது வேறொரு ஓட்டத்தின் எண். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனைக்கூடங்களில் காரை உருளைகளின் மேல் நிறுத்தி, எழுதிவைத்த ஒரு வேகப் பட்டியலின்படி ஓட்டுவார்கள். சுமார் 20 நிமிடம், பத்தரை கி.மீ. போல. சராசரி வேகம் மணிக்கு 32 கி.மீ. அளவில், உச்ச வேகம் 90. ஏ.சி. அணைந்திருக்கும். மே மாதத்து வேலூர் வெயிலுக்கும் அந்தப் பட்டியலுக்கும் சம்பந்தமில்லை. இரண்டு கார்களை ஒப்பிட அந்த எண் நன்றாக உதவும். உங்கள் சாலைக்கு நீங்களே கணக்குப் போட வேண்டும். போட்டுப் பார்ப்போம்.

ஒரு லிட்டருக்குள் என்ன இருக்கிறது

100 கிலோ மூட்டை ஒன்றை ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கத் தேவையான ஆற்றலுக்கு ஏறத்தாழ ஒரு மெகாஜூல் என்று பெயர். இன்று பங்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஒரு லிட்டரில் சுமார் 30 மெகாஜூல் இருக்கிறது. முப்பதும் சக்கரத்துக்குப் போனால் சின்னக் கார் லிட்டருக்கு 80 கி.மீ. ஓடும். போவதில்லை. பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாகப் போய்விடுகிறது. நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது நாலில் ஒரு பங்கு, அதாவது லிட்டருக்கு ஏழரை மெகாஜூல் வேலைக்கு வந்தால் நல்ல நிலை. ஊருக்குள் அது ஐந்தரைக்கு இறங்கும்.

ஏன் இறங்க வேண்டும்? பெட்ரோல் எஞ்சினுக்கு மட்டும் உள்ள ஒரு குணம் இது. நாம் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதிக்கும்போது, எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் உள்ள திராட்டில் தகடு முக்கால்வாசி மூடியிருக்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தச் சின்ன இடைவெளி வழியாகக் காற்றை இழுத்தாக வேண்டும். ஊசி மாட்டாத சிரிஞ்சின் வாயை விரலால் மூடிக்கொண்டு பிஸ்டனை இழுத்துப் பாருங்கள். கை படும் பாடுதான் எஞ்சினும் படுகிறது. இதை 'உறிஞ்சல் இழப்பு' என்று சொல்லலாம். எஞ்சின் வேகமாகச் சுற்றிக்கொண்டு, வேலை மட்டும் குறைவாகச் செய்யும்போது இந்த இழப்பு மிக அதிகம். இரண்டாவது கியரில் 35-இல் உறுமிக்கொண்டு போவதைவிட, எஞ்சின் திணறாத அளவுக்கு மேல் கியரில் அதே வேகத்தில் போவது சிக்கனமாவது இதனால்தான்: சுற்று குறைகிறது, தகடு கூடுதலாகத் திறக்கிறது.

பாலாற்றை எதிர்த்து ஆம்பூர் வரை

கணக்குக்கு ஒரு 1000 சி.சி. ஹேட்ச்பேக்கை எடுத்துக்கொள்வோம். ஓட்டுபவரோடு சேர்த்து எடை 1,000 கிலோ. வேலூரிலிருந்து பள்ளிகொண்டா, மாதனூர் வழியாக ஆம்பூருக்கு 50 கி.மீ.; வேகம் 80; ஏ.சி. போட்டிருக்கிறது.

முதல் செலவு டயர். உருளும் டயர் சாலையில் அமுங்கி அமுங்கி எழுகிறது. ஒவ்வொரு அமுக்கத்திலும் கொஞ்சம் ஆற்றல் சூடாகிப் போகிறது. 50 கி.மீ.க்கு 6 மெகாஜூல் ஆகும்.

அடுத்தது காற்று, பத்தரை மெகாஜூல். பட்டியலில் பெரிய செலவு இதுதான்; கண்ணுக்குத் தெரியாததால் இதை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

பிறகு ஏற்றம். வேலூர்–ஆம்பூர் சாலையைச் சமதளம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் பாலாறு ஆம்பூர் பக்கமிருந்து வேலூருக்கு வருகிறது. தண்ணீர் இறங்கி வரும் திசைக்கு எதிராக நாம் ஏறிப் போகிறோம். வேலூர் கடல்மட்டத்திலிருந்து 216 மீட்டர், ஆம்பூர் 316 மீட்டர் அளவில். 1,000 கிலோவை 100 மீட்டர் தூக்க ஒரு மெகாஜூல் போகும்.

கடைசியாக ஏ.சி. கம்ப்ரெஸர் சராசரியாக ஒரு கிலோவாட் எடுக்கிறது என்று வைத்தால், 37 நிமிடப் பயணத்துக்கு இரண்டேகால் மெகாஜூல்.

கூட்டினால் 19.75. லிட்டருக்கு ஏழரை என்று வகுத்தால் 2.63 லிட்டர். மைலேஜ் 19. திரும்பி வரும்போது அந்த ஒரு மெகாஜூல் நமக்கே திரும்பக் கிடைக்கிறது. ஏற்றத்தில் கொடுத்ததையும் கழித்தால் செலவு 17.75-தான், மைலேஜ் 21. போக மட்டும் அளந்தவரும் வர மட்டும் அளந்தவரும் டீக்கடையில் சண்டை போட்டால் இருவர் பக்கமும் நியாயம் இருக்கும். போய் வந்து அளந்தால் 20.

வேகத்தை 80-லிருந்து 100 ஆக்கிப் பாருங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். பத்தரை மெகாஜூல் பதினாறுக்கு மேல் போய்விடும். மிச்சமாகும் நேரம் ஏழரை நிமிடம். பள்ளிகொண்டா டோலில் வண்டி சேர்ந்துவிட்டால் அதுவும் இல்லை. ஏறிய செலவு முழுவதும் பெட்ரோலில் தெரியாது, ஏனென்றால் சுமை கூடும்போது திராட்டில் நன்றாகத் திறந்து எஞ்சினின் திறன் கொஞ்சம் உயரும். இருந்தாலும் மைலேஜ் கண்கூடாக இறங்கும். கூரையில் கேரியர் மாட்டிய வண்டிக்கு இந்தச் செலவு இன்னும் அதிகம். முந்தைய உரிமையாளர் விட்டுப்போன கேரியரை நீங்கள் பயன்படுத்துவதில்லை என்றால் கழற்றி வீட்டில் வையுங்கள்.

பாலத்தைத் தாண்டி சி.எம்.சி. வரை

இப்போது அதே காரை காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து சித்தூர் பஸ் ஸ்டாண்டு, பாலாற்றுப் பாலம் வழியாக வேலூருக்குள் விடுவோம். 6 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். டயர் செலவு 0.7 மெகாஜூல். 40-ஐத் தாண்டாததால் காற்றின் செலவு 0.3-தான். இதுவரை நெடுஞ்சாலையைவிட மலிவு.

ஆனால் வழியில் நிற்க வேண்டும். ஷேர் ஆட்டோ திடீரென்று ஓரங்கட்டும். பஸ் நடு ரோட்டில் ஆள் இறக்கும். கரும்பு டிராக்டர் முன்னால் ஊர்ந்து போகும். 40-இல் போகும் 1,000 கிலோ காரில் 0.06 மெகாஜூல் ஓட்டமாகச் சேர்ந்திருக்கிறது. பிரேக்கை மிதித்தால் அது முழுவதும் டிஸ்க்கில் சூடாகிக் காற்றோடு போகும். மறுபடி அந்த ஓட்டத்தைப் பெட்ரோல் எரித்துத்தான் உண்டாக்க வேண்டும். 12 முறை நின்றால் 0.74 மெகாஜூல். 6 கி.மீ. உருளுவதற்கு ஆன மொத்த டயர் செலவைவிட இது சற்று அதிகம்! வண்டி ஓடும் 12 நிமிடத்துக்கு ஏ.சி. எடுப்பது இன்னொரு 0.7.

மொத்தம் இரண்டரைக்குச் சற்றுக் குறைவு. லிட்டருக்கு ஐந்தரை என்று வகுத்தால் 0.45 லிட்டர். நின்ற இடங்களில் ஏ.சி.யோடு ஐடிலில் எரிந்தது, மணிக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கில் 5 நிமிடத்துக்கு 0.08. ஆக 0.53 லிட்டர். மைலேஜ் 11.

வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை என்று வைத்துக்கொண்டுதான் இந்த 11-ஐ எட்டியிருக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். இங்கே ஓட்டுபவர் கையில் இருப்பது பிரேக். முன்னால் பஸ் நிற்கப்போகிறது என்று தெரிந்தபின் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, உருண்டே போய்ச் சேர்ந்தால், 12 நிறுத்தத்தில் பாதியை மெதுவாக நகரும் நகர்வாக மாற்றலாம். ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு எந்த ஆயில் டப்பாவும் பெட்ரோலில் ஊற்றும் எந்த மருந்தும் இந்த அளவு மிச்சம் தராது.

இன்னொரு கணக்கும் ஆட்களை ஏமாற்றுகிறது. மாதத்தில் 100 கி.மீ. ஆம்பூர் சாலையில் 20 வீதம், 100 கி.மீ. ஊருக்குள் 11 வீதம். சராசரி பதினைந்தரை என்று மனம் சொல்லும். எரிந்தது 5 லிட்டரும் 9.1 லிட்டரும், 200 கி.மீ.க்கு 14.1 லிட்டர். விடை 14 சொச்சம். "14-ஐத் தாண்ட மாட்டேங்குது" என்பவரின் வண்டி ஆரோக்கியமாகவே இருக்கலாம்.

முந்தைய உரிமையாளர் விட்டுப்போனவை

உங்கள் சாலைக்கு வர வேண்டிய எண் தெரிந்த பிறகும் வண்டி அதற்குக் கீழேயே நின்றால், இனி வண்டியைச் சந்தேகிக்கலாம். நன்றாகப் பராமரித்த கார் 10, 15 ஆண்டு ஆனாலும் மைலேஜில் பெரிதாக இறங்குவதில்லை என்பது அமெரிக்க அரசின் சோதனைகளில் தெரிந்த விஷயம். பிஸ்டன் ரிங் தேய்வதற்கு முன்பே கெடுகிற சின்னச் சாமான்கள் நிறைய இருக்கின்றன.

நம் பகுதியில் நான் முதலில் பார்க்கச் சொல்வது தெர்மோஸ்டாட்டை. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன வால்வு அது. உள்ளே மெழுகு இருக்கும். குளிரூட்டும் நீர் 80 டிகிரியைத் தாண்டிச் சூடானதும் மெழுகு விரிந்து வால்வைத் திறக்கும். அதுவரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி, எஞ்சினைச் சீக்கிரம் சூடேற்றும். இது ஒருமுறை மூடியபடி மாட்டிக்கொண்டு வண்டி ஓவர்ஹீட் ஆகியிருக்கும். "வெயில் ஊருக்கு இது எதுக்கு சார்?" என்று கழற்றிப் போட்டிருப்பார்கள். அடுத்து வாங்கியவருக்கு அது தெரியாது. இப்போது எஞ்சின் சேர வேண்டிய சூட்டைச் சேர்வதே இல்லை. எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து, அதன் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகத் தெளித்துக்கொண்டே இருக்கும். கெட்டியாகவே இருக்கும் ஆயில் உராய்வையும் கூட்டும்.

இதைக் கண்டுபிடிக்கப் பணம் தேவையில்லை. காலையில் வண்டி முழுதாக ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் கையை விலக்கி, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலான சிறு கார்களில் அது சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு திடீரென்று சுட வேண்டும். ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பானால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடியே நின்றுவிட்டது. ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டில் திறக்காதீர்கள்.

அடுத்தது ஆக்சிஜன் சென்சார். புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து, பெட்ரோல் கூடியதா குறைந்ததா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது இது. வயதானால் மந்தமாகும், அல்லது பொய் சொல்லும். மோசமாகக் கெட்ட சென்சாரை மாற்றினால் மைலேஜ் 40 சதவீதம் வரைகூட ஏறலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் இதைத்தான் முதலில் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். சாவியைத் திருப்பியவுடன் அந்த விளக்கு ஒருமுறை எரிந்து அணைகிறதா என்றும் பாருங்கள். எரியவே இல்லை என்றால் யாரோ அதன் வாயை அடைத்திருக்கலாம்.

பிரேக் பிடித்துக்கொண்டே ஓடும் சக்கரமும் பழைய வண்டியில் சகஜம். கேலிப்பர் பின் இறுகியிருக்கும், அல்லது ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து முழுதாக விடாது. பிரேக் அதிகம் மிதிக்காமல் சில கி.மீ. ஓட்டி நிறுத்தி, நாலு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் தகித்தால் அதுதான்.

டயர் காற்று எல்லோரும் சொல்வது. அளவையும் சேர்த்துச் சொன்னால்தான் பயன். ஒவ்வொரு பவுண்டு குறைவுக்கும் மைலேஜ் 0.2 சதவீதம் போல இறங்கும். 10 பவுண்டு குறைந்தால் 2 சதவீதம். பெரிய தொகையில்லை, ஆனால் டயரும் தேயும், வெயிலில் வெடிக்கும் ஆபத்தும் உண்டு. டிரைவர் கதவோரத் தூணில் ஒட்டியிருக்கும் அளவை, காலையில் டயர் ஆறியிருக்கும்போது நிரப்புங்கள். 'பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில் நல்லது' என்று மெல்லிய ஆயில் கேட்கும் எஞ்சினில் 20W-50 ஊற்றுவதும் ஒன்றிரண்டு சதவீதத்தைத் தின்னும்.

ஏர் ஃபில்டரைப் பற்றிய நம்பிக்கை மட்டும் காலாவதியாகிவிட்டது. கார்புரேட்டர் காலத்தில் ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் விகிதம் ஏறும். இன்ஜெக்ஷன் வண்டியில் காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடும். 2009-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் சோதித்தபோது, அடைத்த ஃபில்டரால் மைலேஜ் குறையவில்லை. வண்டியின் இழுவைதான் குறைந்தது. ஃபில்டரை மாற்றுங்கள், எஞ்சினுக்கு நல்லது. மைலேஜ் அதில் வரும் என்று காத்திருக்காதீர்கள்.

இறக்கத்தில் நியூட்ரல்

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் நியூட்ரல் போட்டு இறங்குபவர்களை இன்றும் பார்க்கலாம். பெட்ரோல் மிச்சம் என்று நினைக்கிறார்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் கியரிலேயே வைத்துக் காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். கம்ப்யூட்டர் பெட்ரோலை முழுவதுமாக நிறுத்திவிடும். சுற்று ஐடிலுக்கு அருகே இறங்கும்போதுதான் மறுபடி திறக்கும். நியூட்ரலில் எஞ்சின் தானாகவே சுற்ற வேண்டியிருப்பதால் ஐடில் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும். ஆக மலை இறக்கத்தில் நியூட்ரல் போட்டவர்தான் அதிகம் செலவழிக்கிறார். வேகத்தை அடக்கும் எஞ்சின் பிடிப்பையும் இழந்து, முழுப் பாரத்தையும் பிரேக்கின் மேல் ஏற்றுகிறார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எத்தனாலின் பங்கு

2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. இன்று பெரும்பாலான பங்குகளில் கிடைப்பது அதுதான். ஒரு லிட்டர் எத்தனாலில் 21 மெகாஜூல்தான் இருக்கிறது, பெட்ரோலில் 32. எனவே கலவையின் ஒரு லிட்டரில் ஆற்றல் 7 சதவீதம் போலக் குறையும். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும், எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதத்துக்குச் சீர்செய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்றே கணித்தது. நம் 14-க்கு அது ஒரு கி.மீ. மட்டும்.

எத்தனால் எரிய, அதே அளவு காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் தேவை. அந்தத் திருத்தத்தைச் செய்வதும் ஆக்சிஜன் சென்சார்தான். அது சரியாக இருக்கும் வண்டி கலவையைப் புரிந்துகொண்டு சமாளிக்கும். மந்தமான சென்சாரோடு ஓடும் வண்டி தடுமாறும், காலையில் ஸ்டார்ட் ஆகவும் அடம்பிடிக்கும். பழைய வண்டி என்றால் சர்வீஸின்போது பெட்ரோல் ஹோஸ்களையும் ரப்பர் சீல்களையும் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். எத்தனாலுக்காகச் செய்யாத ரப்பர் அதில் ஊறி உப்பும், பிறகு வெடிப்பு விடும். டேங்க் மூடியைச் சுற்றியோ எஞ்சின் பக்கமோ பெட்ரோல் வாசனை வந்தால், மைலேஜ் கணக்கை அப்படியே வைத்துவிட்டு வண்டியை அன்றே மெக்கானிக்கிடம் விடுங்கள்.